கயிறு மட்டும் வந்து சேர்ந்தது

பெத்ராமாலா, இத்தாலி
10 மார்ச் 2002

அன்புள்ள அக்கா நுன்சியாத்தாவுக்குத் தங்கை பிலோமினா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் என் முழங்கால் சொல்லிவிடுகிறது. இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. உன் இரத்தக் கொதிப்பு எப்படி? கனடாவில் பனி விட்டதா?

விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டத்தின் பழைய பக்கத்தை நகராட்சி காலி செய்கிறது. மண்ணில் இருப்பவர்களை எடுத்துச் சுவர் மாடங்களில் வைக்க வேண்டுமாம். அம்மாவின் முறை அக்டோபர் கடைசியில் வருகிறது. அப்பாவின் மாடத்திலேயே அவளுக்கும் இடம் இருக்கிறது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். எலும்புகளை ஒயினில் துடைத்து வெள்ளைத் துணியில் வைத்து, பெற்ற பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து மாடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரு முனையை நான் பிடிப்பேன். மற்றது உன்னுடையது. நீ வராவிட்டால் சித்தப்பா மகள் கொஞ்செத்தீனா பிடிக்கிறேன் என்கிறாள். அதற்காக இப்போதே கறுப்புப் பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

அம்மா செத்தபோது நீ வரவில்லை. குளிர்காலம், பயணம் தூரம் என்று ஊருக்கு நான்தான் சொல்லிச் சமாளித்தேன். இந்தத் தடவை ஊரிடம் சொல்ல என்னிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. யோசித்து எழுது.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் முத்தங்கள்.

தங்கை
பிலோமினா

ஹாலிஃபாக்ஸ், கனடா
2 ஏப்ரல் 2002

தங்கை பிலோமினாவுக்கு.

நான் நலம். கொதிப்பு மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. பனி விடவில்லை. உன் காதுக்கு ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்து விடு, வைத்தியனை நம்பாதே.

நான் வர மாட்டேன்.

கொஞ்செத்தீனாவே பிடிக்கட்டும். நம் சிவப்புக் கோழியைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு போனவள் அவள். கோழி உள்ளேயிருந்து கொக்கரித்தபோது தனக்கு இருமல் என்று சொன்னாள். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். பாவாடை பெரிதாகத் தைக்கச் சொல், இன்னொரு கோழிக்கு இடம் இருக்கட்டும்.

அம்மாவுக்கு நான் கடன்பட்டது என்ன? நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளை நினைத்துப் பார். உனக்கு அப்போது பதினாலு வயசு, நீயும் சாவடியில் நின்றாய். ராக்கோ இரண்டு வருஷத்துக்கு முன்பே கனடா போய்விட்டான். புருஷனிடம் போகிற பெண் நான், காதில் குன்றிமணி தங்கம் கிடையாது. அம்மாவின் பவளத் தொங்கட்டான் மூத்தவளுக்குத்தான் வரும் என்று ஊரே சொல்லிற்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா வெறும் காதோடு வந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அதை எடுத்து ஒளித்துவிட்டாள் என்று.

பஸ் வந்ததும் என் கையில் ஒரு சீஸைக் கொடுத்தாள். உத்தரத்தில் தொங்கியதில் பெரியது. அதைக் கொடுத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? “சீஸை நீயே உன் கையால அறு, நுன்சியா. ராக்கோ வீட்டாளுங்க யாரையும் கத்தி வைக்க விட்றாதே.” கடல் தாண்டிப் போகிற மகளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரத்தில், சீஸ் ராக்கோ வீட்டாருக்குப் பங்கு போய்விடுமே என்று அவளுக்குக் கவலை. அதற்குப் பிறகு கடிதம் போட்டபோதும் கேட்டது சீஸைப் பற்றித்தான்.

எட்டு வருஷம் கழித்து உன் கல்யாணப் படம் வந்தது. முக்காட்டைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாய். எதற்கு இழுத்துவிட்டாய்? நான் பார்த்துவிடக் கூடாதென்றுதானே?

அவள் தங்கத்தைப் போட்டுக்கொண்டவள் அவள் எலும்பைத் தூக்கட்டும்.

இங்கே ஒரு கூத்து. நாங்கள் வந்து இறங்கிய பழைய துறைமுகக் கொட்டகையை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். மருமகள் மொய்ரா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அன்றைக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற இடத்துக்கு இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதா? பக்கத்திலேயே குடியிருந்தும் இத்தனை வருஷமாக அந்தத் தெருப்பக்கம் நான் போனதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நுன்சியாத்தா

பெத்ராமாலா
21 ஏப்ரல் 2002

அன்புள்ள அக்காவுக்கு.

உன் கடிதம் வந்தது. ஆலிவ் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். தலையணைதான் வீணாயிற்று. மற்றபடி சுகம்.

என் காதைப் பற்றியும் முக்காட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் இத்தனை வருஷமாக எழுதாமல் வைத்திருந்ததெல்லாம் வந்துவிடும். உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்.

சீஸ், சீஸ் என்று அதையே எழுதியிருக்கிறாய். எப்படி மனசு வந்தது அக்கா, அதைச் சொல்லிக் குறைப்பட?

துணி எடுத்துத் துவைத்து வைத்துவிட்டேன். அம்மா என் கல்யாணத்துக்கு நெய்த படுக்கை விரிப்பு. அதன் இன்னொரு முனையைக் கொஞ்செத்தீனாவிடம் கொடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

மொய்ராவோடு போய்ப் பார்த்துவிட்டு வாயேன். நீ இறங்கிய இடம் எப்படி இருக்கும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஒரு நாளாவது அதைப்பற்றி நீ எழுதியதில்லை.

பிலோமினா

ஹாலிஃபாக்ஸ்
3 ஜூன் 2002

தங்கைக்கு.

எல்லோரும் நலம். தக்காளி நாற்று நட்டாயிற்று.

ஒருவழியாகப் போனேன். நீ சொன்னதற்காக இல்லை. அங்கே வந்து இறங்கினவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்றாள் மொய்ரா. அதனால் போனேன். பிறகு பார்த்தால் அது பொய். இவளே எனக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறாள். நூடுல்ஸ் மாதிரி குழையக் குழைய ஸ்பாகெத்தியை வேகவைக்கிறவளுக்குப் பொய் மட்டும் பதமாக வருகிறது.

கொட்டகையைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அதற்குள் ஈரக் கம்பளி நாற்றமும் குழந்தைகள் கக்கின நாற்றமும். இப்போது மெழுகு வாசனை. நாங்கள் உட்கார்ந்த நீள பெஞ்சு அப்படியே இருக்கிறது. யாரோ விட்டுப்போன பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் பெஞ்சைத் தடவிக்கொண்டே அழுதான். ஹாலந்துக்காரனாம். நான் அழவில்லை.

ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பயணிகளிடமிருந்து சுங்கத்தார் பறித்துக்கொண்ட பண்டங்களாம்: ஒரு சரம் இறைச்சிக் குழல், விதைப் பொட்டலம், ஆப்பிள். நடுவில் சுரைக்குடுக்கை மாதிரி, கழுத்தில் கயிறு கட்டி, நம் ஊர்ச் சீஸ்.

“இது என்னுது” என்றேன்.

“அது மெழுகு, அத்தை” என்றாள் மொய்ரா.

“மெழுகுன்னு தெரியுது. கழுத்துக் கட்டு தப்பு. இப்படிக் கட்டினா ஒரு ராத்திரிகூட உத்தரத்துல நிக்காது.”

சட்டையில் பேர் குத்திய ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். “நீங்க இங்கதான் வந்து இறங்கினீங்களாம்மா?”

“இறங்கினேன். உங்க ஆளு என் சீஸைப் பிடுங்கிட்டான்.”

“அப்படியா. எந்த வருஷம்?”

“அம்பத்தேழு, நவம்பர். சிவப்பு மீசை. மோதிர விரல் பாதிதான் இருந்துச்சு.”

“அவர் பேர் ஞாபகம் இருக்கா?”

“தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் பேர் சொல்லாமலா திட்டியிருப்பேன்?”

அந்தப் பெண் சிரித்தாள். மொய்ரா சிரிக்கவில்லை. “இதை ஏன் நீங்க சொன்னதே இல்ல அத்தை?” என்றாள். “நீ கேட்டியா?” என்றேன்.

உனக்கும் சொன்னதில்லைதான். இப்போது சொல்வதால் என்ன வந்துவிடப் போகிறது, அம்மாவும் இல்லை. சீஸை மார்போடு வைத்துக் கோட்டைப் பொத்தானிட்டு மறைத்திருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி என்று நினைப்பான் என்று பார்த்தேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். கோட்டைத் திற என்று சைகை காட்டினான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அவன் அடியைப் பிடித்து இழுத்தான். சீஸ் அவன் கையோடு போயிற்று, கயிறு என் கையில் நின்றது. சீஸை ஒரு பீப்பாயில் போட்டான். அதன் பிறகு ஒரு கன்னியாஸ்திரி வந்து என் கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள், உள்ளே காய்ந்த மஞ்சள் சருகு. கோழித் தீவனம் என்று நினைத்துப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது இவர்கள் காலையில் சாப்பிடுகிற கார்ன்ஃபிளேக்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கயிறு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கோபம் மறந்துபோகக் கூடாதே என்று வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இதை எப்படி எழுதுவது? எனக்கு அப்போது எழுத்து வராது, எழுதினவன் ராக்கோ. அக்கரையிலிருந்து வருகிற முதல் கடிதத்தைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கோயில் வாசலில் நின்று ஊருக்கே வாசிப்பார். அதில் கெட்ட சேதி எழுதுகிறவர்கள் உண்டா? எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது, சீஸ் நன்றாக இருந்தது, எல்லோரும் சாப்பிட்டோம் என்று எழுதச் சொன்னேன். அடுத்த கடிதத்திலும் அம்மா கேட்டிருந்தாள், சீஸை நீதானே அறுத்தாய் என்று. ஆமாம், நானேதான் என்று எழுதினோம். அதற்கு அடுத்ததிலும் அதையே கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. கரு கலைந்து படுக்கையில் கிடந்தேன், அவளுக்குச் சீஸ் முக்கியம். அதற்குப் பிறகு அவளுக்குப் பெரிய பண்டிகைக்கு மட்டும்தான் கடிதம் போட்டேன்.

இதுதான் நான் இறங்கிய இடத்தின் கதை. நீ கேட்டாய், எழுதினேன்.

அக்கா
நுன்சியாத்தா

ஹாலிஃபாக்ஸ்
18 ஜூலை 2002

பிலோமினாவுக்கு.

நான் நலம். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போன கடிதம் நீளமாக எழுதியிருந்தேன், தபால்காரன் தொலைத்துவிட்டானா? உன்னிடம் போனில் பேசலாமென்றால் யார் பேசுகிறார்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், காசுதான் கரையும்.

முழங்காலா, காதா, என்ன உனக்கு? இரண்டு வரி எழுது.

நுன்சியாத்தா

ஹாலிஃபாக்ஸ்
29 ஆகஸ்ட் 2002

பிலோமினாவுக்கு.

உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். யாரைக் கேட்டு என்று நினைக்கிறாய்? கொஞ்செத்தீனா வீட்டுக்குப் போன் போட்டேன். அந்த அளவுக்கு என்னை இறக்கிவிட்டாய். நீ தினமும் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பதாகவும், யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம்.

வர மாட்டேன் என்று சொன்னதற்காகத்தான் கோபமென்றால் அதைச் சொல். பேசாமல் இருந்து ஆளைக் கொல்வது அம்மாவின் வித்தை. அதை நீ கற்றுக்கொள்ளாதே.

தக்காளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

நுன்சியாத்தா

பெத்ராமாலா
8 செப்டம்பர் 2002
மாதா பிறந்தநாள்

அக்கா,

இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் ஜூன் மாதக் கடிதம் தொலையவில்லை. வந்த அன்றைக்கே படித்தேன்.

சீஸை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

தொங்கட்டான் அந்தச் சீஸுக்குள் இருந்தது.

நான் கண்ணால் பார்த்தேன். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம், நீ கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். அம்மா வெண்ணெயை உருண்டை பிடித்து, காதிலிருந்து இரண்டையும் கழற்றி அதற்குள் புதைத்தாள். வெந்நீரில் போட்டு இழுத்த பால்கட்டியைச் சூடாக அதைச் சுற்றி மூடினாள். கை கொப்பளித்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். “பொட்டியத் தொறப்பாங்க, மெத்தையக் கிழிப்பாங்க, சீஸை எவன் தொறப்பான்” என்றாள். அக்காவிடம் சொல்லலாமே என்றேன். “அவகிட்டச் சொன்னா மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கிட்டுப் போவா. கப்பல்ல முத ஆளே படிச்சிருவான்” என்றாள். பிறகு என்னை மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அதனால்தான் நீயே உன் கையால் அறு என்று சொன்னாள்.

உன் முதல் கடிதத்தைச் சாமியார் வாசித்தபோது அம்மா முதல் வரிசையில் நின்றாள். சீஸ் நன்றாக இருந்தது, எல்லோரும் சாப்பிட்டோம். அவ்வளவுதான். தொங்கட்டானைப் பற்றி ஊருக்கு முன்னால் எப்படி எழுதுவாள், நம் பெண் புத்திசாலி என்று சொல்லிச் சிரித்தாள். தானும் சாமியாரை வைத்துத்தானே எழுத வேண்டும்? அதனால் சீஸை நீதானே அறுத்தாய் என்று மட்டும் கேட்டாள். நீ ஆமாம் என்றாய். மறுபடி கேட்டாள். மறுபடி ஆமாம் என்றாய். உன்னிடமிருந்து ஒரு ஜாடை, கன்னத்துக்கு அழகாக இருக்கிறது என்று ஒரு சொல், அதைத்தான் எதிர்பார்த்தாள். நீ படம் அனுப்பும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கொண்டுபோய் உன் காதைத்தான் பார்ப்பாள். ஒரு படத்திலும் நீ அதைப் போட்டிருக்கவில்லை. விற்றுவிட்டாள் போல என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு எனக்கு ஒன்றுமில்லை அக்கா. வெறும் காது. அதற்காகத்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். படம் உன் கைக்கு வரும், நீ பார்ப்பாய், எனக்கு வெட்கம்.

நீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு நல்ல சொல்லும் சொல்லாமல், அவள் சாவுக்கும் வராமல் இருந்தவள் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். உன் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். கனடாவிலிருந்து வந்த உன் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகவே பிரித்தேன்.

இந்தக் கோடை முழுக்க அம்மாவிடம் போய் உட்கார்ந்திருந்தேன், சொல்லிவிடலாம் என்று. வாய் வரவில்லை. அது என் வாயால் சொல்கிற விஷயமில்லை.

பிலோமினா

ஹாலிஃபாக்ஸ்
30 செப்டம்பர் 2002

தங்கை பிலோமினாவுக்கு.

கொதிப்பு ஏறிற்று, இறங்கிற்று. இப்போது பரவாயில்லை. மொய்ரா இரண்டு நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தாள். குறட்டை விடுகிறாள்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். பதினாலு வயசில் சத்தியம் செய்தாய், சரி. நாற்பது வயசில் என்ன? மாதா உன்னைச் சும்மா விட்டிருப்பாள். தொங்கட்டானைப் பற்றிக் கேட்டால் நான் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன், அதுதான் உன் பயம். அம்மாவையும் திட்டுகிறேன். என் மூஞ்சியை நம்பாதவள் ஒரு சீஸை நம்பினாள். அந்த அரை விரல்காரனைத் திட்டிச் சலித்துவிட்டது. ராக்கோவைத் திட்டலாமென்றால், நான் சொன்னதைத்தான் எழுதினான்.

மொய்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கார்ச் சாவியை எடுத்தாள். மறுபடியும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். அந்தப் பேர் குத்தின பெண்ணைப் பிடித்துக் கேட்டேன், “பிடுங்கின சாமானையெல்லாம் என்ன செய்வாங்க?”

“எரிச்சிருப்பாங்கம்மா. சில சமயம் துறைமுகத்துலயே கொட்டிட்டதாவும் சொல்றாங்க. ஏன் கேக்கறீங்க?”

“அதுக்குள்ள எங்கம்மா காது இருந்துச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. மொய்ரா அவளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் மெதுவாகச் சொன்னாள். நான் பின்பக்கக் கதவு வழியாகப் படகுத்துறைக்குப் போய் நின்றேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது, ஒரு இழுவைப்படகு போயிற்று. எரித்திருந்தால் பவளம் சாம்பல், தங்கம் எங்காவது துளியாக மண்ணில். கொட்டியிருந்தால் இங்கேயேதான், என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. அம்மா எனக்குக் கொடுத்தது இத்தனை நாளும் என் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது, நான் அந்தத் தெருப்பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன்.

கொஞ்செத்தீனாவிடம் சொல், பாவாடையை அவள் சாவுக்கு வைத்துக்கொள்ளட்டும். அக்டோபர் இருபத்தாறாம் தேதி வருகிறேன். மொய்ரா டிக்கெட் எடுத்துவிட்டாள். அம்மாவிடம் நீ வாயைத் திறக்காதே. நான் வந்து சொல்கிறேன்.

அக்கா
நுன்சியாத்தா

பெத்ராமாலா
11 அக்டோபர் 2002

அன்புள்ள அக்காவுக்கு.

கொஞ்செத்தீனாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக்கி. அவளுக்கு மூச்சு வாங்கிற்று. பாவாடையை எனக்கு விற்கப் பார்க்கிறாள்.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உனக்குப் போட்டிருக்கிறேன். சாவடி இப்போது இல்லை, பஸ் சதுக்கத்தில் நிற்கும். நான் அங்கே நிற்பேன். கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, கையை ஆட்டு. உன்னை எனக்கு அடையாளம் தெரியுமா என்று பயமாக இருக்கிறது.

வரும்போது அந்தக் கயிற்றைக் கொண்டு வா.

பிலோமினா

ஹாலிஃபாக்ஸ்
5 டிசம்பர் 2002

என் பிலோவுக்கு.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதல் கடிதத்தில் எழுதுகிற வழக்கமென்று எழுதவில்லை, நிஜமாகவே பத்திரமாகத்தான். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா?

துணி முனையை நாம் தூக்கினபோது நான் குனிந்து அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று வழியெல்லாம் கேட்டாய். நான் உரக்கச் சொல்லவில்லை, உனக்குக் கேட்கும்படி சொன்னால் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். இப்போது எழுதுகிறேன். “அம்மா, சீஸை நான் அறுக்கல. வாசல்லயே வாங்கிட்டாங்க. கயிறு மட்டும்தான் வந்து சேர்ந்துச்சு” என்று சொன்னேன். பிறகுதான் அந்தக் கயிற்றால் மூட்டையைக் கட்டினேன். நம் ஊர்க் கட்டு, கழுத்தில் இரண்டு சுற்று. கொஞ்செத்தீனாகூட அழுதாள். அவளை நான் மன்னிக்கவில்லை, கோழி வேறு, இது வேறு.

மாடத்துப் பலகையை மூடினபிறகு நீ என் வெறும் காதைத் தொட்டுப் பார்த்தாய். நான் உன்னுடையதைத் தொட்டேன்.

இங்கே விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் கேட்டாள், “சாப்பாட்டுப் பொருள் ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களாம்மா?”

“இருக்கு. சீஸ்” என்றேன். கோட்டைத் திறந்து காட்டினேன், நீ கொடுத்ததை மார்போடுதான் வைத்திருந்தேன்.

“கெட்டிச் சீஸ்தானே, பரவாயில்ல. எடுத்துட்டுப் போங்க.”

“அறுத்துப் பாக்கலயா?”

“எதுக்குமா?”

“உள்ள என்ன இருக்கோ.”

“என்ன இருக்கும், சீஸ்தான் இருக்கும்” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் நான் அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள்.

உள்ளே ஒன்றும் வைக்கவில்லை, பல்லை உடைத்துக்கொள்ளாதே என்று சொல்லித்தான் நீ கொடுத்தாய். இருந்தாலும் நான் மெலிசு மெலிசாகத்தான் அறுத்தேன். நானே, என் கையால். மொய்ரா கத்தியை நீட்டினபோது தள்ளிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக வாங்கித் தட்டில் அடுக்கினாள். நடுப்பகுதி வந்தபோது மொய்ரா கிட்டக் குனிந்தாள். கத்தி நேராக இறங்கிற்று. உள்ளே சீஸ்தான்.

மகனைக் கூப்பிட்டேன், அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரைக் கூப்பிட்டேன். ரொட்டியும் கொஞ்சம் ஒயினும் எடுத்து வைத்தேன்.

சீஸ் நன்றாக இருந்தது, பிலோ. எல்லோரும் சாப்பிட்டோம்.

உன் அக்கா
நுன்சியாத்தா